ஒரே நேர்கோடு

ஏனுங்க, சித்த அக்கட்டால தள்ளிக்கறீங்களா? பையி பெருசுங்க. இல்லீங்க, மேல வெக்க முடியாது, உள்ள லேப்டாப்பு இருக்குது. போன மாசம் இப்படித்தான் மேல வெச்சேன், எவனோ ஒரு மகராசன் பலாப்பழத்தைத் தூக்கி அது மேல வெச்சுட்டான். மடியிலயே இருக்கட்டும். போதும் போதும், தாராளமா இருக்குது.

கோயமுத்தூருங்களா? மக வீட்டுக்கா? நல்லதுங்க. நான் சிங்காநல்லூர்ல எறங்கணும். விடியால அஞ்சரைக்கு வீட்டை விட்டுக் கெளம்பி தாராபுரம் வந்தேனுங்க, இப்பத் திரும்பிட்டிருக்கேன். ஒரே ஒரு ஆளைப் பாக்கறதுக்கு. போன்ல பேசியிருந்தா அஞ்சு நிமிஷத்து வேலை. எடுத்தாத்தானே? பதினேழு தடவ அடிச்சேன், பதினேழு தடவையும் எடுக்கலை அந்தப் புள்ள. கழுத்து, முதுகு எல்லாம் விட்டுப்போச்சு. நாப்பத்தாறு வயசுல எனக்கு இந்த அலைச்சல் தேவையா, சொல்லுங்க.

என்ற பேரு தெய்வசிகாமணிங்க. ஆபீசுல சிகாமணிம்பாங்க. கம்ப்யூட்டர் கம்பெனிதான், ஆனா பெருசெல்லாம் இல்லை, மாடில ஒரு போர்ஷன். ஸ்பின்னிங் மில்லுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் எழுதறோம். நூல் சுத்தின கோனை எடை போட்டு, பெட்டியில லேபிள் ஒட்டறாங்கல்ல, அந்த லேபிள்ல என்ன எடை அடிக்கணும்னு சொல்றது எங்க சாஃப்ட்வேரு. ஆறு பேரு இருந்தோம். இப்ப மூணு. நாந்தான் டீம் லீடு.

போன மூணு பேர்ல ஒண்ணுதான் இந்தப் பூங்கோதை. தாராபுரத்துப் புள்ள. மூணு வருஷம் அண்ணா அண்ணான்னு கூப்பிட்டுட்டு, இப்ப என்ற போனை எடுக்காதுன்னா மனசு கேக்குமா? நான் என்ன தப்புப் பண்ணினேன்? சும்மா கேக்கலீங்க, நெசமாத்தான் கேக்கறேன். நீங்க வெளியாளு, உங்களுக்கு யாரு மேலயும் சாய்மானம் இல்லை. மொதல்ல இருந்து சொல்றேன், கேட்டுட்டுச் சொல்லுங்க.

ஒரே சாஃப்ட்வேரை ஆறு பேரு எழுதறோம்னு வெச்சுக்குங்க. ஒருத்தன் எழுதினதை இன்னொருத்தன் அழிச்சுடக் கூடாதில்லீங்களா? அதுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்குது. யாரு, எந்தத் தேதில, எந்த வரியை மாத்தினாங்கன்னு ஒண்ணு விடாமப் பதிஞ்சு வெச்சுக்கும். தப்பாப் போச்சுன்னா பழைய மாதிரிக்கே திரும்பிக்கலாம். ஒவ்வொருத்தரும் தனியாப் பிரிஞ்சு போயி வேலையை முடிச்சு, அப்பறம் கொண்டாந்து பொதுவுல சேக்கணும். இந்தப் பசங்க எல்லாம் கருப்புத் திரையில தட்டித் தட்டியே அதைப் பண்ணிருவாங்க. எனக்கு அது ஆகாதுங்க. ஒரு எழுத்து மாறினா என்னாகுமோன்னு பயம். எனக்குக் கண்ணுல தெரியணும். அதுக்கு ஒரு டூல் இருக்குது, எல்லாத்தையும் படமாக் காட்டும். நடுவுல ஒரு கோடு, அது பொது. அதுல இருந்து பச்சை, ஊதா, மஞ்சள்னு ஆளுக்கொரு கோடு பிரிஞ்சு போயித் திரும்ப வந்து சேரும். ஈரோடு ஜங்ஷன்ல தண்டவாளம் பிரிஞ்சு சேருது பாருங்க, அதாட்டம். மவுசால அமுக்கினாப் போதும், வேலை முடிஞ்சுது.

கிண்டல் பண்ணுவானுங்க. இம்மானுவேல்னு ஒருத்தன் இருந்தான், ‘அண்ணனுக்குப் படம் போட்டுக் காமிச்சாத்தான் வெளங்கும்’பான். சிரிச்சுக்குவேன். படத்தைப் பாத்தா என்ன கொறைஞ்சு போச்சு?

ஆனா ஒண்ணு, படம் அலங்கோலமாக் கெடந்தா எனக்குப் புடிக்காது. இந்தப் பூங்கோதை இருக்குதே, ஒரு வேலைக்கு முப்பது தடவ சேமிக்கும். சின்னச் சின்னதா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறிப்பு வேற எழுதி வெக்கும். அதைப் பாத்து மத்தவனுங்களும் அப்படியே. காலைல திரையைத் தெறந்தா, பச்சை ஊதாவைத் தாண்டுது, ஊதா மஞ்சளைச் சுத்துது, தலைவலி வந்துரும். வேலையை முடிச்சமா, ஒரு தடவ சேத்தமான்னு இல்லாம எதுக்குங்க இத்தனை கோடு?

அப்பத்தான் அந்த டூல்ல ஒரு சின்னக் கட்டம் கண்ணுல பட்டுச்சு. எல்லாத்தையும் ஒண்ணாக்கிச் சேரு அப்படீன்னு. அதை டிக் பண்ணிட்டுச் சேத்தோம்னா முப்பதும் ஒண்ணாயிரும். அந்தப் பச்சைக் கோடே பொதுப் படத்துல இருக்காது. நடுக்கோட்டுல ஒரே ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளில யாரு சேத்தாங்களோ அவங்க பேரு வரும். சேக்கறது நான், அதனால என்ற பேரு வந்துச்சு. அது டூல் போடறதுங்க. நானா போட்டேன்?

தெனமும் சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு டீயைக் குடிச்சுட்டு வந்து உக்காருவேன். அன்னைக்கு யாரு யாரு என்னென்ன முடிச்சாங்களோ எல்லாத்தையும் வாங்கி, டிக் பண்ணி, சேத்துட்டு வீட்டுக்குப் போவேன். மூணு வருஷம். ஒரு நாள் தவறினதில்லை, காய்ச்சல்ல கூட வந்து சேத்திருக்கேன். அந்தப் படத்தை நீங்க பாக்கணுமே! மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நேர்கோடு. ஒரு கிளை இல்லை, ஒரு முறுக்கு இல்லை. பாத்தா மனசு குளுந்து போயிரும்.

ஒரே ஒரு தடவ பூங்கோதை கேட்டுச்சு. ‘அண்ணா, நான் எழுதினதுல எல்லாம் உங்க பேரு வருதே’ன்னு. ‘அட அம்மணி, நம்ம ஆபீசுல யாரு எழுதினா என்ன, எல்லாம் ஒரே குடும்பம்தானே’ன்னேன். சரிங்கண்ணான்னு போயி உக்காந்துருச்சு. அதோட முடிஞ்சுதுன்னு நான் நெனச்சேன். மனசுலயே வெச்சிருக்கும்னு யாரு கண்டா? புடிக்கலைன்னா இன்னொரு தடவ கேக்க வேண்டியதுதானே?

போன கார்த்திகையில எங்க முதலாளி மோகன்குமார் சாரோட பெங்களூர்க்காரரு ஒருத்தரு கூட்டுச் சேந்தாரு. நல்ல மனுசன்தான், சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரு. ஆறு பேரு எதுக்கு, மூணு போதும்னாரு. எந்த மூணு? அதைக் கேக்க என்னைக் கூப்பிட்டாங்க. அந்தப் படத்தைத் தெறங்கன்னாரு. தெறந்தேன். உள்ளதைச் சொல்லணும்னா எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. கீழ வரைக்கும் இழுத்து இழுத்துப் பாத்தாரு. ‘இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்லை’ன்னாரு. அப்பறம், ‘எல்லாம் நீங்க ஒருத்தரேவா?’ன்னு கேட்டாரு.

நான் என்ன சொல்லணும்? ‘இல்லீங்க சார், டீம் வொர்க்கு’ன்னேன். சொன்னேனுங்க! சொல்லாம இல்லை. ‘இந்தப் பூங்கோதை என்ன பண்றாங்க?’ன்னாரு. ‘நெம்ப ஒத்தாசையா இருக்கும் சார்’ன்னேன். ஒத்தாசைன்னா என்ன கெட்ட வார்த்தையா? நல்லதாத்தானே சொன்னேன்? அவரு எழுதிக்கிட்டாரு. மோகன்குமார் சாரு தலையை ஆட்டிக்கிட்டாரு. நான் வெளிய வந்து டீ குடிச்சேன்.

அடுத்த வாரம் மூணு பேரையும் போகச் சொல்லிட்டாங்க. பூங்கோதை, இம்மானுவேலு, ரஃபீக்கு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க, சத்தியமா. அந்தப் புள்ளைக்கு ரெண்டு வயசுல கொழந்தை. வீட்டுக்காரரு தறில கை அடிபட்டு உக்காந்திருந்த நேரம். லேப்டாப்பைக் குடுக்க வந்தப்ப என்ற மேசைக்கிட்ட வந்து நின்னுச்சு. எதாச்சும் கேக்கும்னு பாத்தேன். ஒண்ணும் கேக்கலை. ஒரு ‘வர்றேண்ணா’ கூட இல்லை. நானும் ஏந்திரிக்கலை. எப்படி ஏந்திரிக்கறது? சேக்கற வேலை பாதில நின்னுட்டிருந்துச்சு.

அது குடுத்த லேப்டாப்பை அன்னைக்கே சுத்தமாத் தொடைச்சுட்டாங்க. அது கம்பெனி வழக்கம்.

என்னது, குண்டடம் வந்துருச்சா? இல்லீங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க கடலை சாப்பிடுங்க. காலைல அங்கயே பூங்கோதை தோசை ஊத்திக் குடுத்துருச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வாரம் ஒரு மில்லுல ஈரம் அளக்கற மீட்டரைப் புதுசா மாத்தினாங்க. பருத்தி நூலு ஈரத்தை இழுக்குமுங்க. மழை நாள்ல அதே கோனு எடை கூடக் காட்டும். கூடின ஈரத்தைக் கழிச்சுட்டுத்தான் லேபிள்ல அடிக்கணும். அந்தக் கழிவுக் கணக்கு எல்லாம் பூங்கோதை ரோசனைல வந்தது. மில்லு மில்லாப் போயி நின்னு பாத்து எழுதுச்சு. இப்ப மீட்டரு மாறினதும் எடை கன்னாபின்னான்னு அடிக்குது. நாலு லாரி லோடு ஏத்தாம நிக்குது. மில்லுக்காரரு கத்தற கத்துல போனைக் காதுல வெக்க முடியலை, இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா வேற கம்பெனியப் பாத்துக்கறோம்னுட்டாரு. பெங்களூர்க்காரரு அந்த எடத்தைத் தெறந்து பாத்தாரு. எந்த வரி மேல மவுசை வெச்சாலும் எழுதினவங்க பேரு வருங்க அந்த டூல்ல. வெச்சாரு. ‘அட, நீங்க எழுதினதுதானே சிகாமணி, பத்து நிமிஷத்துல முடிச்சிருவீங்க’ன்னாரு.

மூணு நாளு உக்காந்தேனுங்க. ஒரு எழவும் புரியலை. வரிக்கு வரி என்ற பேரு. ஒரு வரி கூட எனக்குத் தெரியாது. யாருகிட்டப் போயிச் சொல்றது? நான் எழுதலைன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க. ஊட்ல சொன்னா, அப்ப மூணு வருஷமா ஆபீசுல என்னதான் பண்ணினீங்கன்னு கேக்கறா. பொறுப்பைச் சொமக்கறவனுக்குத்தான் தெரியும் அந்தப் பாரம்.

அதான் இன்னைக்குக் கெளம்பினேன். அரைக் கிலோ மைசூர்பா வாங்கிக்கிட்டேன். வெறுங்கையோட போகக் கூடாதில்லீங்களா? கதவைத் தெறந்தது பூங்கோதைதான். கத்தும்னு நெனச்சேன். ‘வாங்கண்ணா’ன்னுச்சு. ‘சாப்பிட்டிருக்க மாட்டீங்க, உக்காருங்க’ன்னுச்சு. சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். தோசையைப் போட்டுட்டு, கையைக் கழுவிட்டு வந்து என்ற லேப்டாப்பைத் தெறந்துச்சு. எண்ணி இருவது நிமிஷம். பழைய மீட்டரோட அளவை ஒரே ஒரு எடத்துல எழுதி வெச்சிருந்துச்சாம். அதை மாத்துச்சு, ஓட்டிப் பாத்துச்சு, அங்கிருந்தே மில்லுக்கு அனுப்பிருச்சு. மூணு நாளு நான் அந்த எடத்தைச் சுத்திச் சுத்தி வந்திருக்கேன்.

‘ஏன் அம்மணி போனை எடுக்கலை?’ன்னு கேட்டேன். என்ன சொல்லுச்சு தெரியுங்களா? ‘எடுத்தா நீங்க சாரின்னு சொல்லிருவீங்களோன்னு இருந்துச்சுண்ணா. நீங்க சொன்னா நான் பரவால்லைன்னு சொல்லணும்’னுச்சு. பேச்சைப் பாருங்க! நான் எதுக்குங்க சாரி சொல்லப் போறேன்? மைசூர்பா டப்பாவைப் பிரிச்சுக் கொழந்தைக்கு ஒண்ணு குடுத்தேன். அது வாங்கிட்டு ஓடிப்போச்சு.

அப்பறம்தான் வெசயத்துக்கு வந்துச்சு. நாளன்னிக்கு, வியாழக்கிழமை, ஒரு கம்பெனில இன்டர்வியூவாம். நல்ல எடமாம். மூணு வருஷமா என்ன எழுதினேன்னு பழைய ஆபீசுல இருந்து ஒரு கடுதாசி வேணுமாம். மோகன்குமார் சாரைக் கேட்டிருக்குது. ‘பதிவுல உன்ற பேரே இல்லையேம்மா, எதை வெச்சு எழுதித் தர்றது? எங்கயாச்சும் இருந்தாச் சொல்லு, இன்னைக்கே தர்றேன்’னுட்டாராம். இப்பத்திக்கு ஒரு மெட்ரிக் ஸ்கூல் ஆபீசுல பசங்களுக்கு அடையாள அட்டை அடிச்சுக் குடுத்துட்டிருக்குது. ‘இதுவும் போனா வேற எதுவும் கூப்பிட மாட்டாங்கண்ணா’ன்னுச்சு. சும்மா சொல்றாப்பலதான் சொல்லுச்சு.

பேரு எங்கயுமே இல்லைன்னு சொல்ல முடியாதுங்க. என்ற லேப்டாப்புல இருக்குது. சேத்து முடிச்சதும் பொதுவுல இருந்து அவங்க கோடு எல்லாத்தையும் எடுத்துருவேன். ஆனா என்ற மிசின்ல அழிக்கப் போனா, செவப்பு எழுத்துல ‘நிச்சயமா?’ன்னு ஒரு கேள்வி வரும். அதைக் கண்டா எனக்கு ஒரு பயம். எதுக்கு வம்புன்னு விட்டுருவேன். அப்படி விட்டு விட்டு, மூணு வருஷத்துதும் ஓரமா வரிசைல கெடக்குது. வேலை பாக்கறப்பவே பூங்கோதை அதைப் பாத்திருக்கும். முடிச்ச பொறவு மவுசைக் கொண்டு போயி ஒரு பட்டன் மேல வெச்சுச்சு. ‘இதை அமுக்கினா எங்க கோடெல்லாம் பொதுவுக்குப் போயிரும்ணா. நானே அமுக்கியிருப்பேன். உங்க மிசின், நீங்களே அமுக்குங்க’ன்னுச்சு.

நான் என்ன பண்ணினேன்னா... ‘இங்க சிக்னல் செரியில்லை அம்மணி, ஆபீசு போயி அமுக்கறேன்’னேன்.

ஆமாங்க, அதே சிக்னல்லதான் அது மில்லுக்கு அனுப்புச்சு. எனக்குத் தெரியாதா? அதுக்கும் தெரியும். என்னையே பாத்துச்சு. ‘சரிங்கண்ணா’ன்னுச்சு. அதே சரிங்கண்ணா.

இருங்க, போன் வருது. மோகன்குமார் சாருதான்.

சொல்லுங்க சார். சரியாயிருச்சுங்களா? லோடு ஏத்திட்டாங்களா? ரொம்ப சந்தோசம் சார். ஆமாங்க சார், நான்தான். காலைல உக்காந்து ஒரு வழி பண்ணிட்டேன். பரவால்லீங்க சார். வந்துட்டே இருக்கேன் சார். வெச்சர்றேனுங்க.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? பஸ்ஸுல உக்காந்துட்டு தாராபுரம், தோசைன்னு எல்லாத்தையுமா போன்ல சொல்ல முடியும்? வாயில அதாத்தான் வந்துச்சுங்க. ரோசிச்சுச் சொன்னா நீங்க கேக்கலாம். ரோசிக்கவே இல்லை. எப்பவும் இப்படித்தான் வருது.

சரி, அமுக்கறேன்னே வெச்சுக்குங்க. என்னாகும்? அந்தப் படம் பாழாப் போகும். போகட்டும். பெங்களூர்க்காரரு தெறப்பாரு. ‘அப்ப சிகாமணி எழுதினது எது?’ம்பாரு. அதுக்கு நான் என்ன சொல்றது? டெய்லி டிக் பண்ணினேன்னா? மக பிளஸ் டூ படிக்குதுங்க. இந்த வயசுல என்னை எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்? அந்தப் புள்ளைக்கு மூளையிருக்குது, எங்க போனாலும் பொழச்சுக்கும். எனக்கு என்ன இருக்குது? மூணு நாள் கழிச்சு, வெள்ளிக்கெழமை வாக்குல அமுக்கினா ஆகாதா?

தெரியுமுங்க. இன்டர்வியூ வியாழக்கெழமை. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை.

சலிச்சுப் போச்சுங்க. நெசமாச் சொல்றேன். ராத்திரி படுத்தா முழிப்பு வந்துருது, எவனாச்சும் எந்த வரியையாச்சும் காட்டி இது என்னன்னு கேட்டுருவானோன்னு. போன் அடிச்சாப் பகீர்ங்குது. எத்தனை நாளைக்கு இப்படித் தள்ளறது?

பல்லடம் தாண்டியாச்சா? பாருங்க, இங்க சிக்னல் முழுசா இருக்குது. தெறக்கறேன், பாருங்க. இதுதான் நான் சொன்ன படம். எப்படி இருக்குது? சுத்தமா இருக்குதில்லீங்க? இதுதான் அந்தப் பட்டன். ஏனுங்க, நீங்க அமுக்கறீங்களா? சும்மா ஒரு தட்டுத்தான். பக்கத்துல உக்காந்திருந்தவரு கை பட்டுருச்சு, பஸ்ஸு குலுங்கிருச்சுன்னு நான் சொல்லிக்கறேன். உங்க பேரு கூட எனக்குத் தெரியாது, உங்களை யாரு தேடி வரப்போறாங்க?

ஏனுங்க கையை இழுத்துக்கறீங்க? இவ்வளவு நேரம் கதை கேட்டீங்கல்ல? ஒரு தட்டுத் தட்டறதுக்கு என்னவாம்?

சரி விடுங்க. விடுங்க. நீங்களும் அது சொன்னதையேதான் சொல்றீங்க, ‘நீங்களே அமுக்குங்க’ன்னு.

அமுக்கிட்டேனுங்க.

ஓடுது பாருங்க. இருவது பர்சென்ட்டு. நாப்பது. தொண்ணூறு. போயிருச்சு. அவ்வளவுதான், இனித் திரும்பப் புடிக்க முடியாது.

பாருங்க, வந்துருச்சு. இந்தப் பச்சை எல்லாம் பூங்கோதை. ஊதா இம்மானுவேலு. மஞ்சள் ரஃபீக்கு. இந்தப் பச்சை எவ்வளவு தூரம் போகுதுன்னு பாருங்களேன், நானும் இழுத்துட்டே இருக்கேன், முடியவே மாட்டேங்குது. குறிப்பு கூட இருக்குது பாருங்க. ‘ஈரக் கழிவு, நாலாவது முயற்சி. மழையில மறுபடி போயிப் பாக்கணும்.’ இது ஆறாவது. இது ஒம்பதாவது. தேதி பாத்தா கொழந்தை பொறந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். ஒம்பது தடவையா முயற்சி பண்ணுச்சு அந்தப் புள்ள? எனக்குத் தெரியவே தெரியாதுங்க. படிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் எங்க படிச்சேன்? டிக் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிருவேன். அன்னைக்கு ஏந்திரிச்சு நின்னிருக்கலாம். அதையாவது பண்ணியிருக்கலாம்.

நீலமா? ஆமாங்க, நீலம் நாந்தான். நடுக்கோட்டுல தெரியற நீலத்தை விட்டுருங்க, அது சேத்த கணக்கு. நானாப் பிரிஞ்சு போயி எழுதினதுதான் நீலம். எங்கயுமே காணமேன்னா தேடறீங்க? இருக்குதுங்க, இல்லாமப் போகாது. இருங்க, கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டறேன்.